தெக்லாவின் பீடம்

தெக்லாவுக்கு நான் சிலை வைக்கவில்லை. பீடத்தின் மேல் பாதம் பதியும் அளவுக்கு இரண்டு குழிகள் மட்டும் வெட்டச் சொன்னேன்.

கல்லறைக்கல் வெட்டும் சூசைக்கு அது பிடிக்கவில்லை. "மேல ஒண்ணும் வேண்டாமாண்ணே? வெறுங்குழியா? தண்ணி நிக்குமே."

"வீட்டுக்குள்ளதான வைக்கப் போறேன்."

"அப்பஞ் சரி" என்று உளியை எடுத்தார்.

தூத்துக்குடியில் அப்போது பேசும் பீடம் இல்லாத வீடு குறைவு. இடுப்பளவு கல், அதற்குள் ஒரு கருவி, மேலே இறந்தவரின் மார்பளவு உருவமோ ஒளியில் அசையும் படமோ. முன்னால் போய் நின்றால் செத்துப்போனவர் பேசுவார். எங்கள் பங்குச்சாமி ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், "பீடத்தக் கொண்டு வந்தா தீர்த்தம் தெளிச்சு மந்திரிக்க மாட்டேன். வச்சிருக்கவங்களத் திட்டவும் மாட்டேன்" என்றார். அவருடைய அம்மாவின் பீடம் அவர் குடியிருந்த மேடையறையின் பின்னால் இருந்தது ஊருக்கே தெரியும்.

பாதக்குழி யோசனை தெக்லாவிடமிருந்து வந்தது. அவள் முள்ளக்காட்டு உப்பளக்காரர் மகள். கல்வெட்டுப் படித்து, கோயில் சுவர் எழுத்தைத் தாளில் ஒற்றி மைப்படி எடுத்துப் பழகி, பிறகு ஒரு கிரேக்கத் தீவில் அகழாய்வுக் குழுவோடு வருஷா வருஷம் கோடையில் போய் வேலை செய்தாள். அங்கே அவளுக்கு வாய்த்தவை சிலைகள் இல்லை, பீடங்கள். வெண்கலச் சிலைகளைப் பின்னால் வந்தவர்கள் உருக்கிவிட்டார்கள். பாதங்களை ஈயம் ஊற்றி நிறுத்திய குழிகளும் முகப்பில் எழுத்துமாகக் கற்கள் மட்டும் மிஞ்சின. குழிகளைப் பார்த்தே நின்றவன் எந்தக் காலில் பாரம் வைத்து நின்றான் என்று சொல்வாள்.

ஒரு வளைந்த நீளப் பீடத்தைப் பற்றி அடிக்கடி சொல்வாள். ஒருவன் தன் அப்பாவை, தாத்தாவை, பூட்டனை வரிசையாக நிறுத்தியிருக்கிறான். ஒவ்வொரு குழிக்குக் கீழேயும் நின்றவர் பெயர், நிறுத்தியவனுக்கு அவர் என்ன முறை, அவ்வளவுதான். 'நிறுத்தினான்' என்ற சொல்கூட இருக்காது. பார்க்கிறவனுக்குத் தெரியாதா என்ன. நானும் அப்படியே எழுதச் சொன்னேன்: 'தெக்லாவை, அவள் கணவன் இன்னாசி.'

முதல்முறை அவள் தீவுக்குப் புறப்பட்டபோது மதுரை விமான நிலையத்தில், "தெரியாத ஊர்ல தனியா எப்படிச் சமாளிப்ப?" என்று கேட்டேன். பெட்டியின் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தபடி, "மழை வரட்டும், பாத்துக்கிடலாம்" என்றாள். பேச்சு முடிகிற இடத்தில் மூச்சோடு சேர்ந்து ஒரு சின்னச் சிரிப்பு. கடைசியில் ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் சொன்னாள். டாக்டர் வெளியே போனதும் என்னைப் பார்த்தாள், அதே சொல், அதே சிரிப்பு. அந்த வாரமே போய்விட்டாள்.

பீடத்துக்காகக் கம்பெனியிலிருந்து மெல்வின் என்ற பையன் வந்தான். தெக்லா பேசிய பதிவுகள் என்னென்ன உண்டு என்று கேட்டான். அவளுக்குப் பதிவு என்றாலே ஆகாது. போனில் எனக்கு அனுப்பிய துண்டுச் செய்திகள் கொஞ்சம், ஆங்கிலத்தில் பேசிய ஒரு கருத்தரங்க உரை, அவள் தங்கை கல்யாண வீடியோவில் முதுகைக் காட்டிக்கொண்டு யாரையோ ஏசுவது. அவ்வளவுதான் தேறியது.

"போதும் அங்கிள். மிச்சத்த நாங்க பாத்துக்கிடுதோம்" என்றான்.

பிறகு என்னை ஒரு மூடிய அறையில் உட்காரவைத்து எங்கள் வாழ்க்கையைச் சொல்லச் சொன்னார்கள். கல்லூரி நூலகத்தில் முப்பது வருஷம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவன் அந்த அறையில் நாள் கணக்காகப் பேசினேன். எனக்குத் தெரிந்த தெக்லா முழுவதையும் கொட்டிவிட்டு வந்தேன்.

பீடம் வந்த அன்று நான் முன்னால் போய் நின்றதும், "வெயில்லயா வந்தீங்க? மூஞ்சியே கருத்துப் போச்சு" என்றாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதன்பின் மதியச் சாப்பாட்டை அவள் பக்கத்தில்தான் வைத்துக்கொண்டேன். குழம்பில் உப்பு கூடியதைச் சொல்வேன், மூட்டுவலியைச் சொல்வேன். ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொல்வாள். பென்ஷன் தாமதமானாலும், கண்ணில் புரை விழுந்தாலும், "மழை வரட்டும், பாத்துக்கிடலாம்." அதைக் கேட்டதும் எனக்கு மூச்சு இறங்கும். உயிரோடிருந்தபோது இவ்வளவு பொறுமை இவளுக்கு இருந்ததா என்று ஒருநாள் தோன்றியது. போய்விட்டவர்களின் கோபம் யாருக்கு நினைவிருக்கிறது என்று அந்த நினைப்பை விட்டுவிட்டேன்.

இப்படிச் சில வருஷங்கள் போயின. பிறகு கஸ்பாரின் மனைவி செத்துப்போனாள்.

கஸ்பார் என்னிடம் புத்தகம் எடுத்துப் படித்த பையன், இப்போது துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். அவன் மனைவி பிளாவியாவை ஸ்கூட்டரோடு லாரி அடித்துவிட்டது. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனான். கூடத்தில் புதுப்பீடம். அதன்மேல் பிளாவியா மஞ்சள் சேலையில் சிரித்துக்கொண்டிருந்தாள். ஏழு வயது மகள் அன்சலின் பீடத்தில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"எம்மா, நாளைக்கு டான்ஸ்ல நான் ஸ்டெப்ப மறந்துட்டா?"

"மறந்தா மறந்துட்டுப் போ. மழை வரட்டும், பாத்துக்கிடலாம்."

குரல் பிளாவியாவுடையது. கடைசியில் அந்த மூச்சுச் சிரிப்பு.

கஸ்பார் காப்பியை நீட்டினான். "என்ன சார், வேர்க்குது உங்களுக்கு. ஃபேனக் கூட்டட்டுமா?"

"அவ முன்னாலயும் இப்படிச் சொல்லுவாளா? மழை வரட்டும்னு?"

அவன் யோசித்தான். "சொல்லிருப்பா சார். இப்பல்லாம் இதத்தான் சொல்லுதா. பிள்ளை இதக் கேட்டாத்தான் தூங்குது."

வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் தெக்லாவோடு எப்போதோ சாப்பாட்டு மேசையில் பேசியது ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தீவுக்காரர்கள் பிற்காலத்தில் புதிதாக யாரையாவது கௌரவிக்க வேண்டியிருந்தால் புதுச்சிலை செய்யமாட்டார்களாம். நிற்கிற பழைய சிலை ஒன்றின் பெயரைச் சுரண்டிவிட்டுப் புதுப்பெயர் வெட்டுவார்களாம்.

"அந்தச் சிலையோட குடும்பத்துக்காரன் சண்டைக்கு வரமாட்டானா?" என்று கேட்டேன்.

"கேக்க நாதி இருந்தா எவன் கை வைப்பான்? கேக்க ஆளில்லாத சிலையாப் பாத்துத்தான் மாத்துவான். இது தெரியாம புஸ்தகம் அடுக்கிட்டு இருந்தீங்களா?" என்றாள். பிறகு சொன்னாள்: "பேரை அழிச்ச இடத்துல கல்லு கொஞ்சம் குழிஞ்சிருக்கும். மழை பேஞ்சா தண்ணி மொதல்ல அங்கதான் நிக்கும்."

என் தெக்லாவின் பெயரைச் சுரண்டிவிட்டு பிளாவியா என்று எழுதியிருக்கிறார்கள். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று தெக்லாவின் தங்கை கிரேஸைக் கூப்பிட்டேன்.

"கிரேஸு, ஒங்கக்கா ஒரு வார்த்த அடிக்கடி சொல்லுவால்ல, 'மழை வரட்டும், பாத்துக்கிடலாம்'னு. ஒனக்கு ஞாபகம் இருக்கா? நீ வந்து சொல்லணும்."

மறுமுனையில் அவள் சிரித்தாள். "என்னத்தான், கிறுக்குப் பிடிச்சிட்டா? எங்க வீட்ல மழை வரட்டும்னு சொன்னா எங்கப்பா செருப்பால அடிச்சிருப்பாரு."

அவள் நிறுத்தவில்லை.

"மேகம் கறுத்தாலே எங்கம்மா ஜெபமாலைய எடுத்துருவா. அம்பாரத்துல கெடக்க உப்பு பூராம் கரைஞ்சு போகும்ல. அக்கா கல்யாணத்தன்னைக்குத் தூறல் போட்டதுக்கு அவ மணவறைலயே முணுமுணுன்னு ஏசுனாளே, பக்கத்துல நின்ன ஆளு நீங்க. வரட்டும்னா சொல்லுவா? இது மழைய நம்பி விதைக்கிற காட்டுக்காரங்க பேச்சு அத்தான். அளத்துக்காரி வாய்ல வராது."

போனை வைத்த பிறகும் நின்றுகொண்டிருந்தேன். இருபத்தெட்டு வருஷம் ஓர் உப்பளத்து வீட்டில் பெண்ணெடுத்து வாழ்ந்தவன் நான். எனக்கு அது தோன்றவே இல்லை.

கஸ்பார் வீட்டில் கேட்டதைச் சொல்லி, மறுநாள் காலை மெல்வினை வரச்சொன்னேன். பையில் ஏதோ சின்னக் கருவியோடு வந்தான். பீடத்தின் பின்பக்கம் அதைப் பொருத்திப் பார்த்துவிட்டு, எழுந்திருக்காமல் உட்கார்ந்தே பேசினான்.

"அங்கிள், நீங்க நெனைக்கிற மாதிரி ஆன்ட்டிய எடுத்து அங்க வைக்கல."

"பிறகு?"

"அங்க நிக்கிற ஆளுதான் இங்கயும் நிக்கிது. ரெண்டும் ஒரே ஆளு. ஆன்ட்டி இல்ல, அந்த அக்காவும் இல்ல."

"புரியும்படியாச் சொல்லு."

"வெறுங் குரல வச்சு ஒரு ஆள நிறுத்த முடியாது அங்கிள். சிரிக்கணும், கேள்விக்கு எப்படி முழிக்கணும், எங்க நிறுத்தணும், எதுக்குப் பேசாம இருக்கணும், எல்லாம் வேணும். அதுக்கு ஒருத்தர் வருஷக்கணக்குல பேசிருக்கணும். உங்ககிட்ட இருந்தது எல்லாஞ் சேந்து அரை மணி நேரம். அதனால முழுசாப் பேசிக் குடுத்த ஒரு ஆள எடுத்து, அதுமேல ஆன்ட்டியோட பேரு, குரலு, நீங்க சொன்ன கதை எல்லாத்தையும் எழுதிருவோம். நெறைய வீட்ல அப்படித்தான்."

"அந்த ஆளு யாரு?"

"விளாத்திகுளம் பக்கம் ஒரு அம்மா. கம்பெனி ஆளுங்க பேச்சு சேக்கப் போனப்ப ஆசையாப் பேசுனாங்களாம். பேசுறதுக்கு ஆளில்லாம இருந்தாங்கன்னு சொன்னாங்க. இப்ப உயிரோட இல்ல. பேரு எங்களுக்கே குடுக்கிறதில்ல."

"அவங்களுக்குப் பீடம்?"

"யாரு வைப்பா அங்கிள்?"

கருவியைப் பைக்குள் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான். "நீங்க புகார் குடுத்தா அந்த ஆளையே எடுத்துருவாங்க. ஆனா அது நிக்கிற எல்லா வீட்லயும் நின்னு போயிரும். கஸ்பார் அண்ணன் வீட்லயும்."

"எனக்கு மட்டும் என் பொண்டாட்டி வேணும். அவ பேசுனது மட்டும்."

"அதுவும் பண்ணலாம். ஆனா அது பேசாது அங்கிள். பேசுனதத் திருப்பிச் சொல்லும், அம்புட்டுத்தான்."

அவனை அனுப்பிவிட்டு தெக்லாவின் பழைய பதிவுகளைத் தேடி எடுத்துக் கேட்டேன். பீடம் வந்த பிறகு அவற்றை நான் தொட்டதே இல்லை.

"எங்க இருக்கீங்க? போன எடுத்தாத்தான் என்ன?"

"கேஸ்காரன் வருவான். தூங்கிராதீங்க."

தீவிலிருந்து ஒன்று: "இங்க மழை. நாசமாப் போற மழை. வச்ச தாளு ஒண்ணும் காயல. வைக்கேன்."

வேகமான, சலித்துக்கொள்கிற, பாதியில் அறுந்துபோகிற பேச்சு. எவளோ ஒருத்தி என் போனில் பேசுவதுபோல் இருந்தது. இவளோடுதான் வாழ்ந்தேன். இவளைத்தான் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த நிதானமும், மதியம் எனக்கு மூச்சிறங்க வைத்த அந்தச் சிரிப்பும் இவளிடம் எங்கும் இல்லை. விமான நிலையத்தை நினைத்துப் பார்த்தேன். பெட்டி, பூட்டு, அவள் விரல்கள், எல்லாம் வந்தன. அவள் வாய் திறந்ததும் விளாத்திகுளத்துக்காரி பேசினாள். ஆஸ்பத்திரியிலும் அப்படியே. என் மனைவி என்னிடம் கடைசியாகச் சொன்னது எதுவோ, அதை எடுத்துவிட்டு வேறொருத்தியின் வார்த்தையை நானே அங்கே வைத்திருக்கிறேன். ஒரு கம்பெனி கல்லில் செய்ததை நான் தலைக்குள் செய்துகொண்டேன்.

கருத்தரங்க உரையை மட்டும் இரண்டாம் முறை கேட்டேன். அழித்த பெயர்களைப் பற்றியது. நடுவில், பெயர் அழித்த இடத்தில் தண்ணீர் தங்குவதை அவளுடைய அவசர ஆங்கிலத்தில் சொல்கிறாள். அது அவளுடையதுதான். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த உரையிலேயே இன்னொன்றும் சொல்கிறாள். அழிந்த எழுத்தை நேருக்கு நேர் வெளிச்சத்தில் தேடக்கூடாது, புது எழுத்துத்தான் கண்ணில் படும். ஈரத்தாளை ஒற்றித் தூரிகையால் தட்டிக் காயவைத்து, பின்பக்கமாகத் திருப்பி, பக்கவாட்டில் விளக்குப் பிடிக்க வேண்டும்.

மதியம் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு பீடத்தின் முன்னால் உட்கார்ந்தேன். 'உன் பேர் என்ன' என்று கேட்டால் தெக்லா என்றுதான் சொல்லும். எனவே பக்கவாட்டில் கேட்டேன்.

"புரட்டாசி முடியப் போகுது. கரிசக்காட்டுல இப்ப என்ன விதைப்பாங்க?"

தெக்லாவுக்குக் கம்பும் சோளமும் ஒன்றுதான். வயல் எல்லாமே அவளுக்குப் 'பச்சை.'

"எறக்கம் பாத்துத்தான்" என்றது தெக்லாவின் குரல். "ஓடைப் பக்கம் பருத்தி, மேட்டுக்குக் கம்பு. ஊடு உளுந்து போட்டுக்கிடலாம். மழைக்கு முன்ன போட்டாத்தான் உண்டு. பிந்துனா காட்டுல கால் வைக்க முடியாது, மண்ணு அப்படியே பிடிச்சி இழுக்கும்."

"ஆடு இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஒத்தக்கொம்பின்னு ஒண்ணு. சனியன், எங்க போனாலும் எம்பின்னாலயே வரும். கோயிலுக்கும் வரும், ரேசன் கடைக்கும் வரும்." சிரித்தாள். சொல்லச் சொல்லக் குரலுக்கு ஒரு சந்தோஷம் வந்துவிட்டது. என் குழம்பைப் பற்றிப் பேசியபோதெல்லாம் அது இருந்ததில்லை.

"ஒத்தக்கொம்பிய மேய்ச்சுக்கிட்டு தூரமாப் போயிட்டா, உங்க வீட்ல என்னன்னு சத்தம் போட்டுக் கூப்பிடுவாக?"

கருவி நின்றுவிட்டது என்றே நினைத்தேன். பிறகு அந்தக் குரல் ஒரு பெரிய வெட்டவெளிக்கு அந்தப்பக்கம் கேட்கவேண்டும் என்பதுபோல நீண்டு எழுந்தது.

"ஏ... மாடத்தீ..."

கூடத்தில் அது அடங்கச் சற்று நேரமானது.

"சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்றாள் உடனே, தெக்லாவாக.

"மாடத்தி" என்றேன். "ஒனக்குன்னு யாரு இருக்கா?"

"இது என்ன கேள்வி? நீங்கதான் இருக்கீங்களே."

எதை மனதில் வைத்து அது அப்படிச் சொன்னது என்று எனக்குத் தெரியாது. என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட கதையில் எனக்கு மனைவியாக இருப்பதால் சொல்லியிருக்கலாம். நான் சாப்பிட்டு முடித்தேன். தட்டைக் கழுவிவிட்டு மெல்வினுக்குப் போன் செய்தேன்.

"புகார் ஒண்ணும் இல்ல. என் வீட்ல மட்டும் நிறுத்திரு."

"ஆன்ட்டியோட சொந்தப் பேச்சப் போடட்டுமா அங்கிள்?"

"வேண்டாம். அது போன்ல இருக்கு."

"ஒருதடவ நிறுத்திட்டா, மறுபடி வேணும்னு கேட்டாலும் இதே மாதிரி வராது."

"ஊரெல்லாம் நின்னு பேசிட்டு இருக்கா. ஒரு வீட்லயாவது அவ சும்மா இருக்கட்டும்."

சூசை வந்து முகப்பைப் பார்த்தார். "அழிக்கவாண்ணே? நம்ம தெக்லாக்கா பேரயா?"

"அவ கல்லறைல அவ பேரு இருக்கு சூசை. இது அவ இல்ல."

அவர் பழைய எழுத்தைக் கொத்தி எடுத்துத் தேய்த்துவிட்டு நான் சொன்னதை வெட்டினார்: 'மாடத்தியை, உறவில்லாத இன்னாசி.' கூடத்தில் வைக்க மனம் வரவில்லை. கொல்லையில் வேம்பின் பக்கம் நிறுத்தினோம். போகும்போது, "இப்பத் தண்ணி நிக்கும்ணே" என்றார்.

தெக்லாவின் துண்டுச் செய்திகளைத் தினமும் கேட்கிறேன். முதலில் காது ஒப்பவில்லை. இப்போது அந்தச் சலிப்பு கொஞ்சம் பழகி வருகிறது. "தூங்கிராதீங்க" என்று அவள் அதட்டும்போது ஒருநாள் என்னை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அன்றைக்கு முழுவதும் நன்றாக இருந்தது.

விமான நிலையத்தில் அவள் சொன்னதாக மேலே எழுதியதை நான் அடிக்கவில்லை. பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தது அவள்தான். ஏதோ சொன்னாள். அது இருந்த இடம் குழிந்து கிடக்கிறது, அதில் மாடத்தியின் வார்த்தை நிற்கிறது. இனி நான் சாகும்வரை அது அப்படித்தான் இருக்கும்.

கல்லறைத் திருநாளன்று காலையிலிருந்தே மழை. கஸ்பார் அன்சலினையும் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழியில் வந்தான். கையில் மெழுகுவர்த்திப் பொட்டலம், செவந்திப் பூ. நான் சட்டை மாற்றுவதற்குள் பிள்ளை குடையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள். போய்ப் பார்த்தேன். பாதக்குழி இரண்டிலும் நீர் நிறைந்திருந்தது. முகப்பில் சூசை தேய்த்த இடத்திலும் ஈரம் பளபளத்தது. அவள் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள்.

"மாடத்தி யாரு தாத்தா?"

"நம்ம ரெண்டு வீட்டுக்கும் வேண்டியவங்க."

"செத்துட்டாங்களா?"

"ஆமா."

பொட்டலத்திலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை உருவினாள். குடையைத் தோளில் சாய்த்துப் பிடித்து, நான் தீக்குச்சி கிழிக்க, பாதக்குழிகளுக்கு நடுவில் அதை நிறுத்தினாள். எரிந்து நிமிர்வதற்குள் ஒரு துளி விழுந்து அணைந்தது. மறுபடி கொளுத்தினோம். மறுபடியும் அணைந்தது.

"விடு பிள்ள, நனையாத" என்றேன்.

மெழுகுவர்த்தியை எடுக்காமல் அங்கேயே விட்டுவிட்டு, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மழை நிக்கட்டும் தாத்தா, பாத்துக்கிடலாம்" என்றாள். பேச்சு முடிந்த இடத்தில், மூச்சோடு சேர்ந்து அந்தச் சின்னச் சிரிப்பு வந்தது.